நாலறை வீட்டில் வால்வு ஆம்ப்

வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கியவருக்கு இரண்டாவது வாரத்திலேயே கை அரிக்கத் தொடங்கிவிடும். கூடவே வந்த வால்வுகளைக் கழற்றிவிட்டு வேறு எதைப் போடலாம்? பழைய மல்லார்டா, டெலிஃபங்கனா, இப்போது ஸ்லோவாக்கியாவிலிருந்து வரும் சரக்கா? பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தின் ஹைஃபை கடைகளில் ஒரு சனிக்கிழமை பிற்பகலைக் கழித்தால், ஒரே வால்வைப் பற்றி நேரெதிரான இரண்டு தீர்ப்புகளோடு வெளியே வரலாம். இரண்டும் காதால் கேட்டுச் சொன்னவை, இரண்டிலும் பொய்யில்லை. அவரவர் வீட்டில், அவரவர் ஸ்பீக்கரில் அப்படித்தான் கேட்டிருக்கும்.

வீட்டில் வால்வு ஆம்ப்பிலிருந்து நல்ல ஒலி பெறுவது எப்படி என்று எழுபது எண்பது ஆண்டுகளாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் எழுதப்பட்டது. மரத்தரை, கம்பளம், குளிர்ந்த உலர்ந்த காற்று எல்லாம் அந்த எழுத்தில் சொல்லாமலே அடக்கம். சிங்கப்பூரிலோ குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வசிக்கிறார்கள். கான்கிரீட் சுவர், வழுவழு டைல்ஸ், 2.6 மீட்டர் உயரக் கூரை, ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதம், சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டாரின் தொட்டில் குழந்தை. இந்த நிலைமையில் அந்தப் பழைய அறிவுரைகளில் எது செல்லும், எது செல்லாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வால்வு மாற்றும் வேலை வரிசையில் கடைசியாக வர வேண்டியது. காசு கொட்டுபவர்கள் பெரும்பாலும் அதை முதலில் வைக்கிறார்கள்.

வால்வுக்கென்று தனிக் குணம் உண்டா என்பதே பழைய சண்டை. 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனை வால்வை (டிரையோடு) உருவாக்கியதிலிருந்து அறுபதுகள் வரை உலகம் கேட்ட ஒலிபெருக்கம் பெரும்பாலும் வால்வு வழியே வந்ததுதான். ஊர்த் திருவிழா மைக் செட்டும் அதுதான், இலங்கை வானொலியைப் பிடித்துத் தந்த வீட்டு ரேடியோவும் அதுதான். அப்போது யாரும் ‘வால்வு ஒலி’ என்று தனியாகப் பேசவில்லை. 1947-ல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட வடிவமைப்பு, திரிபை 0.1 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிக் காட்டியது. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் ஒப்பிட இன்னொன்று கிடைத்தது.

1973-ல் ரஸ்ஸல் ஹாம், அமெரிக்க ஒலிப்பொறியியல் கழகத்தின் இதழில் ஒரு விளக்கம் கொடுத்தார். ஒலிப்பதிவுக் கூடத்து மைக் முன்பெருக்கிகளை அளவுக்கு மீறி ஓட்டினால் வால்வில் இரண்டாம் ஹார்மோனிக் ஓங்குகிறது, டிரான்சிஸ்டரில் மூன்றாவது ஓங்குகிறது என்று அளந்து காட்டினார். நம் கணக்கில் சொன்னால், இரண்டாவது என்பது மேல் ஸ்தாயி ஸட்ஜம். மூன்றாவது, அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். ஸட்ஜத்தோடு அதன் மேல் ஸட்ஜம் கலந்தால் குரல் கனத்துக் கேட்குமே தவிர உறுத்தாது. விளக்கம் அழகானது. ஆனால் வீட்டில் யாரும் ஆம்ப்பை அந்த அளவுக்கு மிதித்து ஓட்டுவதில்லை. ஆகவே இது பாதிப் பதில்தான்.

மீதிப் பதிலுக்கு 1985-ல் நடந்த ஒரு பந்தயத்தைப் பார்க்க வேண்டும். பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர், விலை உயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றின் ஒலியைத் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று ‘ஸ்டீரியோஃபைல்’ இதழிடம் சவால் விட்டார். இரண்டு ஆம்ப்களின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சுவதைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் இதழ்க்காரர்களே வேறுபாடு தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். வால்வு ரசிகர்கள் இந்தக் கதையைச் சொல்ல விரும்புவதில்லை. எனக்கு இது வால்வுக்கு எதிரான கதையாகத் தோன்றவில்லை. வால்வின் ஒலி மந்திரமில்லை, அளக்கக்கூடிய சில குணங்களின் கூட்டு என்றுதான் அது சொல்கிறது. அந்தக் குணங்களில் வீட்டில் மிக அதிகமாக வேலை செய்வது ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு.

ஸ்பீக்கரின் பின்னால் ‘8 ஓம்’ என்று அச்சிட்டிருந்தாலும் அதன் மின்மறுப்பு சுரத்துக்குச் சுரம் மாறும். ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 30 ஓமுக்கு ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு என்பதால் இந்த ஏற்ற இறக்கம் அதைப் பாதிப்பதில்லை. எதிரூட்டம் இல்லாத டிரையோடு ஆம்ப்பில் அது 2 ஓம் வரை இருக்கலாம். கணக்குப் போட்டால், அந்த 4 ஓம் இடத்துக்கும் 30 ஓம் இடத்துக்கும் ஒலியளவில் ஏறத்தாழ 3 டெசிபெல் வித்தியாசம் வருகிறது. யார் காதிலும் விழக்கூடிய வித்தியாசம் அது. ஒரு சுவிட்சையும் திருப்பாமலே ஆம்ப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து ‘டோன் கண்ட்ரோலை’த் திருப்பிவிட்டன என்று பொருள். அரை ஓம் உள்ள ஆம்ப்பில் இதே வித்தியாசம் ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. ஒரு வீட்டில் தேனாக ஒலித்த ஆம்ப் அடுத்த வீட்டில் மந்தமாகிப் போவதற்கு, இணையத்தில் விலை பேசப்படும் அபூர்வ வால்வுகளைவிட இந்தச் சின்னக் கணக்கே பெரும்பாலும் காரணம்.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். ஆம்ப்பின் பின்புறம் 4, 8, சிலவற்றில் 16 ஓம் என்று முனைகள் இருக்கும். எட்டில் இருக்கும் கம்பியை நாலுக்கு மாற்றிக் கேளுங்கள். சக்தி கொஞ்சம் குறையும். வெளியீட்டு மின்மறுப்பும் ஏறத்தாழ பாதியாகும், கீழ்ச்சுரங்கள் இறுகும். இரண்டில் எது பிடிக்கிறதோ அதில் விட்டுவிடலாம். ஆம்ப்பை அணைத்த பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டவே கூடாது. சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி உள்ளே பொறி பறந்துவிடும். அதன் பிறகு அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றுத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எத்தனை வாட் வேண்டும் என்பதில் கடைக்காரரும் வாங்குபவரும் சேர்ந்தே தவறுகிறார்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர் இரண்டை வைத்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஆளுக்கு ஒரு வாட்டிலேயே 85 டெசிபெல்லை ஒட்டிக் கேட்கும். இரவு பத்து மணிக்கு மேல் அந்த அளவில் தவில் தனியாவர்த்தனம் வைத்தால் மறுநாள் மின்தூக்கியில் அண்டை வீட்டாரை நேருக்கு நேர் பார்க்க முடியாது. வீவக வீட்டில் நாம் உண்மையில் செலவழிப்பது பெரும்பாலும் அரை வாட், கால் வாட். மிச்சம் எல்லாம் திடீரென எழும்பும் உச்சங்களுக்கு. பழைய அளவைகள் இந்த வகையில் நம் வீட்டுக்கு நன்றாகவே பொருந்துகின்றன: 1953-ல் வந்த குவாட் 2, இரண்டு கேடி66 வால்வுகளில் 15 வாட். ஈஎல்84 ஜோடி போட்ட சிறு ஆம்ப்கள் 10 வாட்டை ஒட்டி. 1959-ல் வந்த டைனாகோ எஸ்டி-70, ஈஎல்34-ல் பக்கத்துக்கு 35 வாட். ஒற்றை 300பி போட்டால் ஏறத்தாழ 8 வாட். எட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே ஆறரை டெசிபெல்தான். இரு மடங்கு உரக்கக் கேட்கப் பத்து டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை.

ஆகவே எட்டு வாட் ஆம்ப் மீது ஆசை என்றால் 95 டெசிபெல்லைத் தாண்டும் ஸ்பீக்கரைத் தேடுங்கள் என்பது பொது விதி. விதியைக் கேலி செய்யும் விதிவிலக்கு ஒன்று உண்டு. பிபிசி எழுபதுகளில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ சிறு ஸ்பீக்கர் 83 டெசிபெல்கூடத் தேறாது. ஆனால் அதன் மின்மறுப்பு 15 ஓம், பிந்தைய வடிவில் 11 ஓம். ஆம்ப்புக்குப் பாரமில்லாத சுமை. நாலறை வீட்டு வரவேற்பறைக்கு, குரலும் வீணையும் கேட்பவருக்கு, 15 வாட் வால்வு ஆம்ப்போடு அதைப் பொருத்தினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டிஸ்கோ வைக்க வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

இனி அறை. இங்கேதான் சிங்கப்பூர் வீடு தன் வேலையைக் காட்டும்.

ஐந்து மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம் கொண்ட ஒரு வரவேற்பறையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலியலை நின்று அதிரும் முதல் அலைவெண்கள் நீளத்துக்கு 35, அகலத்துக்கு 50, உயரத்துக்கு 67 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ் ‘ஜி’ சுரம் 49 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் இறங்கி வரும்போது ஒரு சுரம் மட்டும் குடம்போல் உருண்டு முழங்கி, பக்கத்துச் சுரம் காணாமல் போவதைக் கேட்டிருப்பீர்கள். ஆம்ப் மீது பழி போடுவோம். உண்மையில் அது இரண்டு கான்கிரீட் சுவர்களின் பாட்டு. மரச்சட்டத்தில் பலகை அடித்த அமெரிக்க வீட்டுச் சுவர் கீழ்ச்சுரங்களைக் கொஞ்சம் வெளியே கசியவிடும், கொஞ்சம் விழுங்கும். கான்கிரீட் ஒன்றையும் விடாது, அப்படியே திருப்பி அனுப்பும். அந்த நாட்டு அறைகளுக்காக எழுதப்பட்ட ‘ஸ்பீக்கரைச் சுவரோரம் வைத்தால் பேஸ் கூடும்’ என்ற யோசனையை இங்கே கடைப்பிடித்தால் நாள் முழுக்க முழக்கம்தான்.

வழக்கமான வீவக வரவேற்பறையில் ஒரு சுவரில் டிவி மேசை, எதிர்ச்சுவரில் சோபா ஒட்டிப் போட்டிருக்கும். ஒலிக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. சுவரை ஒட்டித்தான் கீழ்ச்சுர அழுத்தம் உச்சத்தில் இருக்கும், கேட்பவர் தலையோ சரியாக அங்கேயே. சோபாவை முக்கால் மீட்டர் முன்னால் இழுத்தாலே பாதி வியாதி தீரும். வீட்டில் சம்மதம் வாங்குவது தனிக் கலை. ஸ்பீக்கரையும் சுவரிலிருந்து அரை மீட்டராவது நகர்த்த வேண்டும். அதற்கு இடமில்லாதவர்கள், முன்பக்கத் துளை உள்ள ஸ்பீக்கரையோ மூடிய பெட்டி ஸ்பீக்கரையோ தேர்ந்தெடுப்பது மேல்.

மேல் சுரங்களுக்கு டைல்ஸ் தரையும் சன்னல் கண்ணாடியும் எதிரி. புதிய வீடுகளில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவும் அப்படித்தான். கை தட்டிப் பாருங்கள். ‘டிரிங்’ என்ற வால் கேட்டால், வால்வு ஆம்ப்பின் மென்மை அந்த வாலில் கரைந்து போகிறது என்று அறியலாம். தடித்த திரை, ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே கம்பளம், பக்கச்சுவரில் ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி. இவை மூன்றுக்கும் ஆகும் செலவு, பெயர்பெற்ற பழைய வால்வு ஜோடி ஒன்றின் விலைக்குள் அடங்கிவிடும். கம்பளத்துக்குப் பூஞ்சைக் கவலை உண்டு. சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும் பவானி ஜமுக்காளம் துவைத்துக் காயப்போட வசதி, ஆனால் மெல்லியது. இரண்டு மூன்று அடுக்காகப் போட வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்காக ஸ்பீக்கர் காலடியில் ரப்பர் பட்டை வைப்பது நல்லது. மரத்தரைக்கென்று பரிந்துரைக்கப்படும் கூர்முனை ஆணிகளை இங்கே டைல்ஸில் குத்திவைப்பதில் எந்தப் பயனும் எனக்குத் தெரியவில்லை.

காற்றின் கதை வேறு. ஈஎல்34 நான்கு போட்ட ஸ்டீரியோ ஆம்ப் பாட்டு வைக்காமல் சும்மா இருக்கும்போதே 200 வாட்டை ஒட்டி இழுக்கும். ஒவ்வொரு ஈஎல்34-ன் இழை மட்டும் 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர், அதாவது ஒன்பதரை வாட். ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மின்கட்டணம் பெரிதில்லை. அந்த 200 வாட்டும் அறையில் வெப்பமாக இறங்குகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அறையில் கூடுதலாக இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். குளிர்சாதனத்தைப் போட்டால் அதன் இரைச்சல், போடாமல் சன்னலைத் திறந்தால் குயிலும் விரைவுச்சாலையும். குயிலைச் சகித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எப்படியானாலும் ஆம்ப்பை டிவி மேசையின் அடுக்குக்குள் திணிக்கக் கூடாது. மேலே ஒரு முழம் வெற்றிடம் வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பம் பத்துப் பாகை ஏறும்தோறும் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய வாய்பாடு. லண்டனில் 18 பாகை அறையில் இருக்கும் ஆம்ப்பும் ஈசூனில் 30 பாகை அறையில் இருக்கும் ஆம்ப்பும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை.

ஈரம் இதைவிடக் கள்ளத்தனமானது. ஐம்பதுகளின் பிரிட்டிஷ் ஆம்ப்களில் மெழுகு தோய்த்த காகிதக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒரு நிலை வால்விலிருந்து அடுத்த நிலைக்கு இசையை மட்டும் விட்டு நேர்மின்னோட்டத்தைத் தடுப்பது அவற்றின் வேலை. வெப்பமண்டல ஈரத்தில் பல்லாண்டு கிடந்தால் அவை கசியும். சில வோல்ட் நேர்மின்னழுத்தம் சக்தி வால்வின் கிரிடுக்குப் போய்ச் சேரும். வால்வு வரம்பை மீறி மின்னோட்டம் இழுக்கும். இருட்டில் பார்த்தால் உள்ளிருக்கும் சாம்பல்நிறத் தகடு செக்கச் சிவந்திருக்கும். இப்படி ஓடும் ஆம்ப்பைக் கேட்டு ‘அந்தக் காலத்துக் கனிந்த ஒலி’ என்று மெச்சுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கனிவு இல்லை, காய்ச்சல். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்படும்வரை பழைய ரேடியோவும் ஆம்ப்பும் அங்கே தரையில் விரித்துக் கிடக்கும். இன்று அதே வகைப் பொருள்கள் கைப்பேசிச் செயலிகளில் ‘ஓடும் நிலையில்’ என்ற குறிப்போடு வருகின்றன. ஓடுவதுதான் ஆபத்து. வாங்கியதும் மின்சாரத்தில் மாட்டாமல், முதலில் அந்தக் கெப்பாசிட்டர்களையும் மின்வழங்கல் பகுதியையும் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிய பிறகே கேட்க வேண்டும். உதிரிப் பாகங்களுக்குத் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சிம் லிம் டவர் இன்னும் இருக்கிறது. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒயர், மல்டிமீட்டர் எல்லாம் அங்கே அகப்படும்.

வெளியே தெரியும் அழிவுகளும் உண்டு. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் ஈரத்தில் பிசுபிசுத்து உதிரும், ரப்பர் வளையம் நீடிக்கும். வால்வு சாக்கெட்டின் முனைகள் கறுத்து, தட்டினால் கரகரக்கும். ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு, வால்வை இரண்டு முறை மெல்ல உருவிச் செருகினாலே பல கரகரப்புகள் போய்விடும். புது வால்வு வாங்கப் புறப்படுவதற்கு முன் இதைச் செய்து பார்க்காதவர்கள் எத்தனை பேரோ.

மின்சாரத்தில் இந்த ஊருக்கே உரிய இரண்டு சங்கதிகள். நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப்களுக்கு 100 வோல்ட் வேண்டும், அமெரிக்க எஸ்டி-70 போன்றவற்றுக்கு 120 வோல்ட்டை ஒட்டி. இடையில் இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பவர்கள், ஆம்ப் இழுப்பதைப் போல் இருமடங்கு தாங்கக்கூடியதாக வாங்கி, ஆம்ப்பிலிருந்தும் ரெக்கார்டு பிளேயரிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் காந்தப்புலமே உறுமலாகக் கேட்கும். உறுமலிலும் இரண்டு வகை உண்டு. ஆழமான ‘ம்ம்ம்’ என்றால் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் தரையிணைப்பு அல்லது கம்பி போகும் வழியின் கோளாறு. சற்று உயர்ந்து ‘ஜ்ஜ்’ கலந்து வருவது 100 ஹெர்ட்ஸ். மின்வழங்கல் கெப்பாசிட்டர் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். முன்பெல்லாம் கைப்பேசி அழைப்பு வருமுன் ஸ்பீக்கரில் ‘டிட்-டிட்-டிட்’ என்று கேட்குமே, 2017 ஏப்ரலில் 2ஜி சேவை நிறுத்தப்பட்டதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

இரண்டாவது சங்கதி உயிர் சம்பந்தப்பட்டது. சிங்கப்பூர் வீடுகளில் மின்கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் ஆர்சிசிபி இப்போது கட்டாயம். அது 30 மில்லியாம்பியர் கசிவில் விழுந்துவிடும். பழைய ஆம்ப்பை மாட்டியதும் அது விழுந்தால் ஆம்ப்பில் கோளாறு. விழவில்லை என்பதால் ஆம்ப்பின் உள்ளே கைவைக்கலாம் என்று நினைப்பதுதான் விபரீதம். ஆம்ப்புக்குள் இருக்கும் 400, 500 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்தில் உருவாவது. அங்கே அடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

வெளியிலிருந்தே பாதுகாப்பாகச் செய்யக்கூடிய முக்கியமான வேலை பயாஸ் சரிபார்ப்பு, அதாவது பாட்டு இல்லாதபோது சக்தி வால்வுகள் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து சரியாக வைப்பது. டைனாகோ எஸ்டி-70-ல் இதை அழகாக யோசித்திருந்தார்கள். 15.6 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 1.56 வோல்ட் காட்டும்வரை திருகைத் திருப்ப வேண்டும். அப்போது இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லியாம்பியர். புதிய டார்ச் பேட்டரியும் அதே அளவு வோல்ட் காட்டும் என்பதால், துல்லியமான மீட்டர் இல்லாத வீட்டிலும் ஒப்பிட்டு வைத்துக்கொள்ள முடிந்தது. இன்றைய ஆம்ப்களில் இதற்கென மேல்தட்டிலேயே சோதனைத் துளைகள் இருக்கும். அரைமணி நேரம் சூடேறிய பிறகு அளக்க வேண்டும். ஈஎல்34-ன் வரம்பு 25 வாட். 450 வோல்ட்டில் 40 மில்லியாம்பியர் வைத்தால் 18 வாட், எழுபது விழுக்காடு சொச்சம், நல்ல இடம். மிகக் குறைத்து வைத்தால் தாழ்ந்த ஒலியில், அதாவது நம் வீட்டு இரவு ஒலியில், சுருதியோரம் பிசிறும். மிகக் கூட்டினால் வால்வின் ஆயுள் கரையும். தானாகச் சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயாஸ் ஆம்ப் வாங்கியவருக்கு இந்தத் தலைவலியே இல்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இவ்வளவும் ஆன பிறகு வால்வு மாற்றலுக்கு வரலாம். மாற்றினால் வித்தியாசம் கேட்கும், மறுக்கவில்லை. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு தேய்ந்த வால்வு போய்த் தேயாத வால்வு வந்ததால், அல்லது பொருந்தாத ஜோடி போய்ப் பொருந்திய ஜோடி வந்ததால். புஷ்-புல் ஆம்ப்பில் இரண்டு வால்வும் சமமாக இழுக்காவிட்டால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒருபக்கமாக நிறைவுற்றுக் கீழ்ச்சுரம் மெலியும். நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் ஆண்டுக்கு 730 மணி. சக்தி வால்வுகளின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம் என்பதால் நான்கைந்து ஆண்டுக்கொரு முறை ஜோடியாக மாற்றுவது போதும். முன்நிலையில் உள்ள ஈசிசி83 போன்ற சிறு வால்வுகள் அதைவிடப் பல மடங்கு உழைக்கும். அவற்றை விரலால் மெல்லத் தட்டி, ஸ்பீக்கரில் மணியோசை கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அதை மாற்றலாம். ரெக்கார்டு வாசிக்கும் நிலையில் இது இன்னும் முக்கியம்.

பழைய சரக்கு வாங்குபவர் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருக்கும் வெள்ளிப் பூச்சைப் பார்க்க வேண்டும். பளபளத்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, குப்பைதான். டெலிஃபங்கன் ஈசிசி83-ன் அடிக்கண்ணாடியில் முனைகளுக்கு நடுவே வைரக்கட்டக் குறி இருக்கும். மேலே அச்சிட்ட பெயரை அழித்து எழுதுவது சுலபம், அதைக் கண்ணாடியில் உருவாக்குவது கடினம். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒருகாலத்தில் செய்த ஈசிசி83, ஈஎல்84 வால்வுகள் இங்கும் சில சமயம் கண்ணில் படும். பெயரில் கவர்ச்சியில்லாததால் விலை மலிவு, என் காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. புதிய வால்வுகள் இன்று பெரும்பாலும் ரஷ்யாவின் சராத்தோவ், ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனத் தொழிற்சாலைகள் ஆகியவற்றிலிருந்து வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைப்படும் என்ற செய்தி வந்ததும் விலை எகிறியது நினைவிருக்கும். பதற்றத்தில் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கியவர்களிடம் இன்னும் சரக்கு இருக்கிறது.

பலரும் கவனிக்காத கோளாறு ஒன்று: சிடி பிளேயரும் இன்றைய டிஜிட்டல் கருவிகளும் 2 வோல்ட் தருகின்றன. ஐம்பதுகளின் ஆம்ப்கள் பலவற்றுக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். விளைவு, வால்யூம் குமிழைத் தொட்டாலே ஒலி பிய்த்துக்கொள்ளும். குமிழின் அந்த அடிப்பகுதியில் இடதும் வலதும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஆகவே பாடகி நடுவில் நிற்காமல் ஒருபக்கம் ஒதுங்கிவிடுவார். மக்கள் இதற்குக் கம்பி மாற்றுகிறார்கள், வால்வு மாற்றுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்து உள்ளீட்டிலும் இரண்டு ரெசிஸ்டர் போட்டு அளவைப் பத்திலொன்றாக்கினால் பாடகி நடுவுக்கு வந்துவிடுவார். சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குள் முடியும் வேலை.

எந்த ஒலியை அடையப் பார்க்கிறோம் என்பதற்கு அளவுகோலும் வேண்டும். அதற்குக் கடைக் காட்சியறை உதவாது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் பூசை நேரத்தில் மைக் இல்லாமல் நாதஸ்வரமும் தவிலும் எழுவதைக் கேளுங்கள். 2002-ல் திறந்த எஸ்பிளனேட் அரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் கலா உற்சவத்தில், பெருக்கம் குறைவாக உள்ள ஒரு வீணைக் கச்சேரிக்குப் போய்வாருங்கள். நாதஸ்வரத்தின் உண்மையான உரப்பை எந்த வீட்டு ஆம்ப்பும் தராது, தரவும் தேவையில்லை. தம்புராவின் மீட்டலுக்குப் பின் மேல் சுரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி அடங்குவதும், மிருதங்கத்தின் தொப்பியில் விரல் அழுந்தி வழுக்கும் கும்கியும் வீட்டில் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். முதலாவது தெரியாவிட்டால் வால்வையோ பயாஸையோ சந்தேகிக்கலாம். இரண்டாவது தெரியாவிட்டால் அறையையும் ஸ்பீக்கர் பொருத்தத்தையும்.

பாட்டைப் பொறுத்தவரை தமிழ் ரசிகருக்கு ஒரு தனி வசதி உண்டு. நம் பழைய சினிமாப் பாடல்கள் மோனோவில் பதிவானவை. ஸ்டீரியோ மேடை, ஆழம், அகலம் என்று ஹைஃபை எழுத்தாளர்கள் உருகும் எதுவும் அந்தப் பதிவுகளில் கிடையாது. குரலின் நிறமும் வாத்தியத்தின் நெருக்கமும்தான் உண்டு. நல்ல வால்வு ஆம்ப் சிறந்து நிற்கும் இடமும் அதுவே. மோனோ இசைத்தட்டைக் கேட்கும்போது ஆம்ப்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ஊசி மேலும் கீழும் ஆடுவதால் எழும் சரசரப்பு இரண்டு பக்கமும் எதிரெதிராக வருவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும், ஈரத்தில் பூஞ்சை பூத்த இசைத்தட்டுகூடப் பாதி சுத்தமாகக் கேட்கும். ஸ்பீக்கர்களின் இடைவெளியைச் சரிபார்க்கத்தான் ஸ்டீரியோ வேண்டும். அதற்குத் தமிழில் ஸ்டீரியோ பாடல்பதிவின் தொடக்கம் என்று பெயர் பெற்ற 1978-ன் ‘ப்ரியா’வே போதும். கதை சுஜாதா, இசை இளையராஜா, படப்பிடிப்பு நடந்த இடங்களில் இதே சிங்கப்பூரும் உண்டு. யேசுதாஸ் நடுவிலும் வாத்தியங்கள் இருபுறமும் பிரிந்து நிற்கும்வரை ஸ்பீக்கர்களை விரற்கடை விரற்கடையாக நகர்த்தி, நின்ற இடத்தில் டைல்ஸின் மேல் டேப் ஒட்டிக் குறித்துவைத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் தரை துடைக்கும்போது அவை நகர்ந்துவிடும்.